சிட்னிக்குப் போன ரத்தப் பொட்டுகள்

1996ஆம் ஆண்டு மணிலாவிலும் அதைச் சுற்றிலும் இருந்த 24 மருத்துவமனைகளில், பிறந்து ஒன்றிரண்டு நாளே ஆன குழந்தைகளின் குதிகாலில் சின்னதாக ஓர் ஊசிக் குத்து குத்தி, கசிந்த ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் ஒற்றி எடுக்கத் தொடங்கினார்கள். காய்ந்த அட்டைகள் விமானம் ஏறி ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போயின. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆய்வகம் அவற்றைச் சோதித்து முடிவுகளை அனுப்பியது. பிலிப்பைன்ஸில் இந்தச் சோதனையைச் செய்ய அப்போது ஓர் ஆய்வகம்கூடக் கிடையாது. அது வரும்வரை காத்திருக்காமல் ஆரம்பித்துவிட்டார்கள். இதை முன்னின்று நடத்தியவர் கார்மென்சீட்டா பாடில்யா. மணிலாவில் குழந்தை மருத்துவமும் சிட்னியில் மரபணு மருத்துவமும் பயின்றவர்.

அந்த அட்டையில் எதைத் தேடினார்கள்? பிறவித் தைராய்டு குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். சில குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்பி உருவாகவே இல்லாமல் போகிறது. சிலருக்கு அது கழுத்தில் இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கி வராமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடுகிறது. தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் மூளை வளராது. ஆனால் பிறந்த அன்று அந்தக் குழந்தையைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வயிற்றில் இருந்தவரை தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாக வந்து ஈடுகட்டியிருக்கும். பிறந்த பிறகு அந்தக் கையிருப்பு சில நாட்களில் தீர்கிறது. குழந்தை கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், மெதுவாகப் பால் குடிக்கும், மலம் சரியாகப் போகாது. “ரொம்ப சமத்து, அழுவதே இல்லை” என்று வீட்டார் மகிழ்வார்கள். நாக்கு தடித்து, முகம் ஊதி, தொப்புள் பிதுங்கி, நோய் கண்ணுக்குத் தெரியும் வேளையில் மூளைக்கு ஏற்பட்ட இழப்பைத் திரும்பப் பெற முடியாது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் லிவோதைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து தினமும் கொடுக்கத் தொடங்கினால் இதே குழந்தை மற்ற குழந்தைகளைப்போலப் பள்ளிக்கூடம் போகும். மருந்து மிக மலிவு. இவ்வளவு அற்பச் செலவில் இவ்வளவு பெரிய கேட்டைத் தடுக்கும் இடங்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

அட்டையில் ரத்தம் ஒற்றும் முறை அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர் ராபர்ட் கத்ரி என்ற நுண்ணுயிரியலாளர். அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது, காரணம் தெரியவில்லை. மனைவியின் சகோதரி மகளுக்கு ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற நோய் இருப்பது ஒரு வயது தாண்டிய பிறகே தெரியவந்தது. உணவில் உள்ள ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் மாற்ற முடியாமல் அது தேங்கி மூளையைப் பாழாக்கும் நோய் இது. அந்த அமிலம் குறைந்த உணவைப் பிறந்தவுடனே தொடங்கினால் தடுக்கலாம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. பிறந்தவுடனே கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை. கத்ரி ஒரு தட்டில் பாக்டீரியாவை வைத்து, அது வளராமல் தடுக்கும் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்தார். ஃபீனைல் அலனின் மிகுந்த ரத்தப் பொட்டை அதன்மேல் வைத்தால் தடை விலகி, பொட்டைச் சுற்றி பாக்டீரியா வட்டமாகப் பெருகும். வட்டம் பெரிதாக இருந்தால் குழந்தைக்கு நோய். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைச் சட்டமாக்கியது.

பாக்டீரியா சோதனை இன்று வழக்கொழிந்துவிட்டது. அட்டை மட்டும் நிற்கிறது. கத்ரியின் பெரிய கண்டுபிடிப்பு அந்த அட்டைதான் என்று நான் சொல்வேன். சோதனைக் குழாய் வேண்டாம், ஐஸ் பெட்டி வேண்டாம், ரத்தம் எடுக்கத் தேர்ந்த ஆள் வேண்டாம், தபால் உறை போதும். 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜான் துசோ அதே காய்ந்த பொட்டிலிருந்து தைராய்டு ஹார்மோனையும் அளக்க முடியும் என்று காட்டினார். அதன் பிறகு பணக்கார நாடுகளில் இது தடுப்பூசிபோல வழக்கமாகிவிட்டது. மற்ற பல நாடுகளில் இருபது, முப்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் நேர்மையான பதில் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 2003இல் பிலிப்பைன்ஸில் பிறந்த 1,000 குழந்தைகளில் 29 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பிறப்புகள் என்று வைத்தால் கிட்டத்தட்ட 58,000 சாவுகள். பிறவித் தைராய்டு குறைபாடு அங்கே சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு, அதாவது ஆண்டுக்கு அறுநூறு எழுநூறு குழந்தைகள். நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அள்ளிக்கொண்டு போகிற நாட்டில் அரிய நோய்களைத் தேடுவது பணக்கார விளையாட்டல்லவா? சுகாதார அமைச்சகங்களில் இந்தக் கேள்வி எழுந்தபோது கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிசகு இருந்தது. சாவைத்தான் எண்ணினார்களே தவிர, சாகாமல் முப்பது நாற்பது ஆண்டுகள் பிறர் கையை எதிர்பார்த்து வாழும் உயிரையும், அதைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாயையும் எண்ணவில்லை.

அடுத்த கேள்வி, எந்தெந்த நோய்களைத் தேடுவது? பாடில்யாவின் குழு முதலில் எடுத்தது ஏறத்தாழ மேற்கத்தியப் பட்டியல். தைராய்டு குறைபாடு, அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு, காலக்டோசீமியா, ஃபீனைல்கீட்டோன்யூரியா, ஹோமோசிஸ்டினூரியா. குழந்தைகளைச் சோதிக்கச் சோதிக்கப் பட்டியல் உள்ளூர் ஆனது. ஹோமோசிஸ்டினூரியா நீங்கி, ஜி6பிடி குறைபாடு சேர்ந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்கிற அளவில் வரும் ஃபீனைல்கீட்டோன்யூரியா பிலிப்பைன்ஸில் அபூர்வத்திலும் அபூர்வம். ஜி6பிடி குறைபாடோ ஏறக்குறைய ஐம்பது அறுபது பேரில் ஒருவருக்கு இருந்தது.

இதற்குக் காரணம் கொசு. ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சேதத்திலிருந்து காக்கும் ஒரு நொதி. அது குறைந்த சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்றாக வளர முடிவதில்லை. ஆகவே மலேரியா ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆண்ட நிலங்களில் இந்தக் குறைபாட்டின் மரபணு தங்கிவிட்டது. பெரும்பாலும் தொந்தரவில்லாமல் கிடக்கும். சில மருந்துகளோ சில பொருள்களோ உடலில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, குழந்தைக்கு மஞ்சள் காமாலை ஏறி மூளைவரை போகும். அப்படிப்பட்ட பொருள்களில் ஒன்று, துணிமணிகளோடு பெட்டியில் போட்டு வைக்கும் அந்துருண்டை. பாட்டி பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பருத்தித் துணியில் பிள்ளையைச் சுற்றுவது அங்கும் வழக்கம், நம் வீட்டிலும் வழக்கம். இந்த நோய்க்கு மாத்திரை கிடையாது, சிகிச்சை என்பது தாயின் கையில் கொடுக்கும் ஒரு சீட்டுதான். தவிர்க்க வேண்டிய மருந்துகளும் பொருள்களும் அதில் இருக்கும்.

வெப்ப நாட்டுக்கே உரிய ஓர் இக்கட்டும் இதோடு வந்தது. ஜி6பிடி சோதனை அட்டையிலுள்ள நொதி வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. மூடிய வண்டியில் புழுக்கத்தில் இரண்டு நாள் கிடந்த அட்டையில் நொதி தானாகவே கெட்டுப்போகும். அப்போது நல்ல குழந்தையும் நோயாளியாகத் தெரியும். காலக்டோசீமியாவுக்கான நொதிச் சோதனைக்கும் இதே கதி. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளில் இதற்கு அவ்வளவாக இடம் இருந்திருக்காது.

இனி அட்ரீனல் கோளாறு. பிறந்த குழந்தைகள் எல்லோரையும் இப்படிச் சோதிக்கும் ஸ்கிரீனிங் திட்டம் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இந்த ஒரு நோய் போதும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி இல்லாததால் கார்ட்டிசாலும், உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனும் போதிய அளவு உருவாவதில்லை. அவற்றுக்கான மூலப்பொருள் தேங்கி, ஆண் ஹார்மோனாக வழிகிறது. பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பு ஆண் குழந்தையினுடையதைப்போலத் தோன்றும், அதைப் பார்த்து மருத்துவர் சந்தேகப்படுவார். ஆண் குழந்தையாக இருந்தால் வெளியில் ஒரு குறியும் இல்லை. இரண்டாம் வாரத்தில் வாந்தி, எடை குறைவு, உடம்பிலிருந்து உப்பு வடிந்து ரத்த அழுத்தம் சரிதல், சாவு. சான்றிதழில் வயிற்றுப்போக்கு என்றோ கிருமித் தொற்று என்றோ எழுதியிருக்கும். இந்த நோய் இரு பாலாரையும் சமமாகப் பிடிப்பது. ஆனால் ஸ்கிரீனிங் இல்லாத நாடுகளின் மருத்துவமனைப் பதிவேடுகளில் பெண்களே அதிகம். வராமல்போன பையன்கள் எங்கே என்று தேடினால் இடுகாட்டுக்குத்தான் போக வேண்டும்.

பிலிப்பைன்ஸின் ஒரு தீவில் செவ்வாய்க்கிழமை காலையில் இப்படி ஒரு பையன் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உடனே ரத்தம் எடுக்கக் கூடாது. பிறந்த அரை மணிக்குள் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் எல்லாக் குழந்தைக்கும் குபீரென்று ஏறி, ஒரு நாளில்தான் தணியும். அதற்குமுன் எடுத்தால் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் தைராய்டு நோய் என்று வரும். ஆகவே 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். தாய்க்கோ வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், அவள் புதன் காலையிலேயே புறப்படத் துடிப்பாள். சமாதானம் சொல்லி இருத்தி, புதன் மதியம் எடுத்தாயிற்று. வெயில் படாமல், கிடைமட்டமாக, நான்கு மணி நேரம் உலர வேண்டும். வியாழன் கூரியர். தோணி, பிறகு லாரி. சனிக்கிழமை நகரம். ஞாயிறு விடுமுறை. திங்கள் சோதனை, செவ்வாய் முடிவு. பையனுக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது, ஆபத்து தொடங்கும் காலமும் அதுவே. இதில் ஒரு புயலோ, “பத்து அட்டை சேரட்டும், மொத்தமாக அனுப்பலாம்” என்று நினைக்கிற சிக்கன குணமோ குறுக்கிட்டால் முடிவு வரும்போது பிள்ளை இருக்காது. அட்டைகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் பழக்கம் ஏழை நாட்டின் சாபம் என்று நினைக்க வேண்டாம். 2013இல் மில்வாக்கி நகரப் பத்திரிகை ஒன்று அமெரிக்க மருத்துவமனைகளிலேயே இது பரவலாக நடப்பதை வெளிக்கொணர்ந்தது.

முடிவு வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஆய்வகம் மருத்துவமனையைக் கூப்பிடும். மருத்துவமனைச் செவிலியர் தாயைத் தேட வேண்டும். அட்டையில் எழுதிய முகவரியில் அவள் பிரசவத்துக்கு முன்பு இருந்தாள், இப்போது தன் அம்மா வீட்டில். தெருப் பெயர் உண்டு, கதவு எண் கிடையாது. அங்கே பராங்காய் எனப்படும் சிற்றூர் அளவிலான நிர்வாக அலகுகளில் ஒரு மருத்துவச்சி இருப்பார். எந்த வீட்டில் யார் பெற்றார்கள், எங்கே போனார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பல லட்சம் விலையுள்ள கருவி சொன்னதை வாசலில் போய்ச் சொல்வது அவர் வேலையாகிறது. அதைச் சொல்வதும் எளிதல்ல. கொழுகொழுவென்று பால் குடிக்கிற பிள்ளையைக் காட்டி, இதற்கு நோய் இருக்கலாம், மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், இன்றே வாருங்கள் என்றால் எந்த வீட்டில் நம்புவார்கள்? போதாததற்கு முதல் சோதனையில் சிக்கும் குழந்தைகளில் பலருக்கு நோய் இருக்காது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அட்ரீனல் சோதனையில் அளக்கும் பொருள் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வீணாக அழைக்கப்பட்ட தாய் அடுத்த வீட்டாரிடம் சொல்லும் கதை ஒரு விளம்பரத்தையும் தோற்கடிக்கும்.

இவ்வளவும் இருந்தும், 2004 ஏப்ரல் 7 அன்று பிலிப்பைன்ஸ் தனிச் சட்டமே இயற்றியது. குடியரசுச் சட்டம் 9288. சட்டம் என்றதும் கட்டாயம் என்று நினைக்கத் தோன்றும். அங்கே பெற்றோருக்குக் கட்டாயம் இல்லை, மத நம்பிக்கையின் பேரில் அவர்கள் மறுக்கலாம். மறுத்தால் அதன் விளைவு புரிந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கட்டாயம் சொல்பவருக்குத்தான். பிரசவம் பார்க்கும் எவரும் தாயிடம் இந்தச் சோதனையைப் பற்றிப் பிரசவத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். இந்தக் கடமைக்குள் மருத்துவர், செவிலியரோடு வீட்டுப் பிரசவம் பார்க்கும் பாரம்பரிய மருத்துவச்சிகளையும் சட்டம் சேர்த்தது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்தது இந்தச் சேர்ப்புதான். ஆனால் அதிகம் சாதித்தது வேறு இரண்டு விதிகள் என்று நினைக்கிறேன். ஸ்கிரீனிங் வசதி இல்லாத மருத்துவமனைக்கு உரிமமும் அங்கீகாரமும் இல்லை என்றது ஒன்று. செலவைத் தேசியக் காப்பீடான ஃபில்ஹெல்த் ஏற்க வேண்டும் என்றது மற்றது. அதுவரை 550 பெசோ கட்டணம் தாயின் கைப்பையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல. பிறந்த குழந்தைகளுக்கான காப்பீட்டுத் தொகுப்பு 2006இல் வந்தது.

சட்டம் வந்த உடனே எல்லாக் குழந்தையும் சோதிக்கப்பட்டுவிடவில்லை. 2003இல் பிலிப்பைன்ஸின் பிரசவங்களில் 38 சதவீதமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. மற்றவை பெரும்பாலும் வீட்டில், அவற்றில் பல ஹிலோட் எனும் பாரம்பரிய மருத்துவச்சியின் கையில். உரிமத்தை நிறுத்துவேன் என்று ஒரு குடிசையை மிரட்ட முடியாது. 2008இல் பிரசவங்களை நிலையங்களுக்குக் கொண்டுவருவதைச் சுகாதாரத் துறை கொள்கையாக்கியது. தாய்மார் சாவைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். அந்த ஆண்டு 44, 2013இல் 61, 2017இல் 78 சதவீதம் என்று நிலையப் பிரசவங்கள் ஏறின. ஸ்கிரீனிங்கும் அந்த முதுகில் ஏறிக்கொண்டு 2010களின் கடைசியில் பத்தில் ஒன்பது குழந்தைகளை எட்டியது. பிலிப்பைன்ஸின் வெற்றியைச் சொல்பவர்கள் சட்டத்தையும் பாடில்யாவையும் சொல்வார்கள். இரண்டும் நியாயமே. மகப்பேற்றுத் துறை தன் காரணங்களுக்காகச் செய்த இந்த மாற்றம் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் நகரத்துச் சட்டமாகவே நின்றிருக்கும்.

பட்டியல் மேலும் வளர்ந்த கதை சுவையானது. 2012இல் மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் ஆறாவதாகச் சேர்ந்தது. சிறுநீரில் மேப்பிள் மரப்பாகு போன்ற, கருகிய சர்க்கரை வாசம் வருவதால் அந்தப் பெயர். மூன்று அமினோ அமிலங்களை உடைக்க முடியாமல் சில நாட்களில் மூளை வீங்கும் நோய் இது. பிலிப்பைன்ஸ் மக்களிடையே இது மற்ற பல வளர்சிதைமாற்ற நோய்களைவிட அதிகமாகத் தென்பட்டது. அதற்குக் காரணமான ஒரு மரபணுத் துண்டிழப்பு அவர்களிடையே பொதுவாகவும் இருக்கிறது. 2014இல் பட்டியல் இருபத்தெட்டு நோய்களாக விரிந்தது. இவ்வளவு நோய்களைச் சேர்ப்பது தகுமா என்று அறிய, புதிதாக ஒரு முன்னோட்ட ஆய்வு நடத்தப் பணமும் காலமும் வேண்டும். பாடில்யாவின் குழு கலிஃபோர்னியாவைப் பார்த்தது. அங்கே குடியேறிய பிலிப்பைன்ஸ் குடும்பங்களின் பிள்ளைகளை அந்த மாநிலம் ஏற்கெனவே விரிவாகச் சோதித்து எண்ணிக்கை வைத்திருந்தது. புலம்பெயர்ந்தோர் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், இது அவர்கள் அறியாமலே அனுப்பிய இன்னொரு சரக்கு.

விரிவான பட்டியலுக்கு அப்போது 1,500 பெசோ ஆனது. காப்பீடு அதை முழுமையாக ஏற்க 2019 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் வசதி உள்ளவருக்கு நீண்ட பட்டியல், இல்லாதவருக்குக் குறுகிய பட்டியல் என்று ஒரே பிரசவ வார்டில் இரண்டு வரிசை நின்றது. விரிவாக்கத்தை இன்னும் கொஞ்சம் பொறுத்துச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். காரணம் பணம் மட்டுமல்ல. 1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் எழுதிய நெறிமுறைகளில் ஒன்று, கண்டுபிடிக்கும் நோய்க்குச் சிகிச்சை கைக்கெட்ட இருக்க வேண்டும் என்பது. மேப்பிள் சிரப் நோய்க்கான தனிப்பால் பொடி இறக்குமதியாக வேண்டியது, விலை அதிகம். அட்ரீனல் கோளாறுக்கு வேண்டிய ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் பழைய மாத்திரை, இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் வாங்குவோர் சிலரே என்பதால் பல வளரும் நாடுகளின் மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை.

இந்தியாவிலும் எண்கள் இருக்கின்றன. சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. தைராய்டு குறைபாடு சுமார் 1,100 பேரில் ஒருவருக்கு இருந்தது, பிலிப்பைன்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தைராய்டு, அட்ரீனல் இரண்டிலுமே சென்னையில்தான் விகிதம் அதிகம். அட்ரீனல் கோளாறு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டிய நோய், அத்தை மகனையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள பகுதியில் இந்த எண் வியப்பளிக்கக் கூடாது.

மணிலாவின் முதல் குழந்தைகளுக்கு இப்போது முப்பதை ஒட்டிய வயது. உறுதியான நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க 2014 முதல் மாகாணங்களில் தனி மருத்துவ நிலையங்கள் தொடங்கப்பட்டன. எந்த நாட்டிலும் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் கைமாறும் இடத்தில்தான் நோயாளிகள் நழுவுகிறார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று இருபது வயதில் நிறுத்திவிடுவார்கள். தைராய்டு குறைபாட்டோடு பிறந்த பெண் கருவுற்றால் மாத்திரையின் அளவைக் கால் பங்கு முதல் அரைப் பங்குவரை உடனே கூட்ட வேண்டும். கருவுக்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்யத் தொடங்கும் வரை முதல் மாதங்களில் அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. மாதவிடாய் தள்ளிப்போன முதல் வாரத்திலேயே இதை அவளுக்கு யார் சொல்வது என்பது, பிலிப்பைன்ஸ் திட்டத்தின் முன் இப்போது நிற்கும் வேலை.